மறதியை வருமானமாகக் கொள்ளாதீர்கள்: சந்தாச் சேவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொண்டு, திரைப்படமும் பாட்டும் பாடமும் உடற்பயிற்சியும் செய்தியும் இன்னும் பலவிதச் சேவைகளும் வழங்கிவரும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், அந்த நிறுவனங்களின் கைப்பேசித் திரையில் எந்தப் பொத்தான் எந்த இடத்தில் எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிறவர்களுக்கும், அதன் கீழே பொடி எழுத்தில் வரும் வாசகங்களை எழுதுகிறவர்களுக்கும், மாத முடிவில் வரவைக் கூட்டி முதலீட்டாளருக்கு அனுப்பிவைக்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் ஒருவரை மட்டும் குறை சொல்லி மற்றவரை விட்டுவிடக்கூடிய காரியமாக இது எனக்குத் தோன்றவில்லை. பொத்தானை வரைந்தவர் உரிமையாளரின் உத்தரவு என்பார். உரிமையாளர் முதலீட்டாளரின் நிர்ப்பந்தம் என்பார். முதலீட்டாளர் தொழிலின் வழக்கமே இதுதான் என்பார். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிற பொறுப்பு கடைசியில் யார் கையிலும் தங்காமற் போய்விடுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. தானாகப் புதுப்பிக்கும் சந்தா என்ற ஏற்பாட்டுக்கு நான் விரோதி அல்லன். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை உரிய தேதியில் கட்ட மறந்து, அதற்கு மேல் கொடுக்கப்படும் சலுகை நாட்களையும் கோட்டைவிட்டு, பாலிசி காலாவதியாகிப் போனதென்று தெரியவருகிற சமயத்தில் குடும்பத் தலைவர் உயிரோடு இல்லை என்ற நிலையில் திகைத்து நின்ற குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. தவணை தவறாமல் தானே பிரீமியம் கட்டிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு அந்தக் குடும்பங்களுக்கு இருந்திருக்குமானால் அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும். தினந்தோறும் பாட்டுக் கேட்கிறவருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற மாணவருக்கும், மாதம் பிறந்ததும் சேவை அறுந்துபோகாமல் தொடர்வது சௌகரியமே. ஆகவே பணம் தானாகப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொடுக்கிறவர் அறியாமல் அது போவதைப் பற்றியே இந்த மடல்.

உங்கள் வரவுப் புத்தகத்தில் ஒரே தலைப்பின் கீழ்ப் பதிவாகிற பணம் உண்மையில் இரண்டு வகைப்பட்டது. சேவையை அனுபவித்து, கொடுக்கிற விலைக்கு அது தகும் என்று தம் மனத்துக்குள் ஒப்புக்கொண்டு, இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று நினைப்பவர் கொடுப்பது ஒன்று. என்றைக்கோ ஒருநாள் சேர்ந்து, சில நாள் பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், அப்படி ஒரு சந்தா தம் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையே மறந்துபோனவரின் கணக்கிலிருந்து வருவது மற்றொன்று. முன்னது நீங்கள் சம்பாதித்தது. பின்னது அவருடைய கவனக்குறைவின் பலன்; அதில் உங்கள் உழைப்புக்குப் பங்கு இல்லை. இரண்டையும் பிரித்தறிய முடியாது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கடைசியாக ஒருவர் என்றைக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிஷம் இருந்தார், எந்தக் காட்சியில் நிறுத்திவிட்டுப் போனார் என்பது வரையில் உங்கள் கணினிகளில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவைக் கொண்டு அவருக்கு அடுத்தபடி எந்தப் படம் பிடிக்கும் என்று சொல்லத் தெரிந்த உங்களுக்கு, அவர் ஆறு மாதமாக வரவே இல்லை என்பதும் நிச்சயமாகத் தெரியும்.

இந்த இரண்டாவது வகைப் பணம் அற்பத் தொகை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவேடுகளைப் பல ஆண்டுகளுக்கு எடுத்து ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டணம் செலுத்தித் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டில் சேர்ந்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு நாலைந்து தடவைக்கு மேல் கூடத்துக்குப் போகவில்லை. அதாவது ஒவ்வொரு தடவைக்கும் 17 டாலருக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். அதே கூடத்தில் தடவைக்கு 10 டாலர் வீதம் பத்துத் தடவைக்கான சீட்டு விற்றுக்கொண்டிருந்தது. இதைவிட என் மனத்தைத் தொட்டது அந்தக் கட்டுரையில் கண்ட மற்றொரு செய்தி: கடைசியாகக் கூடத்துக்கு வந்த நாளுக்கும், இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கழிந்திருந்தது. அந்த இரண்டு மாதப் பணத்துக்கு அவர்கள் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் போகலாம், அடுத்த மாதம் நிறுத்தலாம் என்று எண்ணி எண்ணி நாளைக் கடத்துவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்துக்கு மாதம் 70 டாலர் அபராதம் விதிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

அண்மைக் காலத்தில் லிரான் ஐனாவ், பெஞ்சமின் குளோபாக், நீல் மஹோனி என்ற மூவர் செய்த ஆராய்ச்சி இதைவிட நுட்பமானது. வங்கி அட்டை தொலைந்தோ காலாவதியாகியோ புதிய அட்டை வரும்போது பழைய எண்ணுக்குப் போகும் சந்தா தடைப்படுகிறது; தொடர வேண்டுமானால் வாடிக்கையாளர் தாமே உட்கார்ந்து புதிய எண்ணைப் பதிவு செய்யவேண்டும். வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நெடுநாளைக்குப் பிறகு அவர்முன் வந்து நிற்பது அந்த ஒரு வேளையில்தான். அந்த மாதத்தில் சந்தாவை விட்டு விலகுவோர் தொகை சட்டென்று உயர்வதை அவர்கள் கண்டார்கள். அதிலிருந்து கணக்கிட்டு, வாடிக்கையாளரின் கவனமின்மையினால் மட்டும் நிறுவனங்களின் வரவு, சேவைக்குச் சேவை வேறுபட்டு, 14 சதவிகிதத்திலிருந்து 200 சதவிகிதத்துக்கு மேலும் கூடியிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஒரு பிளாஸ்டிக் அட்டை தேய்ந்துபோனதால் கேட்கப்பட்ட கேள்வியை, அந்த அட்டை தேய்வதற்கு முன்பே நீங்கள் கேட்டிருக்கக்கூடாதா என்பதே என் விண்ணப்பத்தின் சாரம்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். சந்தா முடிகிற இதழ் வரும்போது, அதன் உள்ளே இந்த இதழோடு தங்கள் சந்தா முடிவடைகிறது என்று அச்சிட்ட துண்டுச் சீட்டும், சில சமயம் அதோடு ஒரு மணியார்டர் பாரமும் இருக்கும். பணம் அனுப்பினால் பத்திரிகை தொடரும், அனுப்பாவிட்டால் நின்றுவிடும். சந்தாதாரர் வாயைத் திறக்காமலிருந்தால், அவருக்கு வேண்டாம் என்றுதான் ஆசிரியர் எடுத்துக்கொண்டார். ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பதை நம் பெரியவர்கள் கல்யாணப் பேச்சில் சொல்லுவார்கள். பணம் கொடுக்கல் வாங்கலில் சொல்லத் துணிந்ததில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வியாபார முறையை உலகில் பிரபலமாக்கியவற்றுள் முக்கியமானது நியூயார்க்கில் ஹாரி ஷெர்மன் என்பவர் 1926-இல் கூட்டாளிகளோடு தொடங்கிய மாதம் ஒரு புத்தகச் சங்கம். வேண்டாம் என்று அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பினாலன்றிப் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும், விலையும் கொடுத்தாகவேண்டும். இந்த முறை புத்தகத்திலிருந்து இசைத்தட்டுக்கும் மற்றப் பொருள்களுக்கும் பரவி, ஜனங்களின் முறையீடு பெருகியதன் பேரில், 1973-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒரு விதி இயற்றியது. வேண்டாம் என்று பதில் எழுதுவதற்கு அங்கத்தினருக்குக் குறைந்தது பத்து நாள் அவகாசம் கொடுக்கவேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனைகளுள் ஒன்று. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த காலத்தில் பத்து நாள். கண்மூடித் திறப்பதற்குள் செய்தி போய்ச் சேரும் இந்தக் காலத்தில் உங்களில் எத்தனை பேர் பத்து நாளுக்கு முன்பே சொல்லுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் உலகத்தில் பல நாடுகளுக்கு முந்திக்கொண்டது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடவேண்டும். 2019 ஆகஸ்டு 21-இல் அது வெளியிட்ட சுற்றறிக்கை அட்டைகளின் மூலம் திரும்பத் திரும்பப் பணம் எடுப்பதற்கு ஒழுங்கு வகுத்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது யூபிஐ-க்கும் நீட்டிக்கப்பட்டது. அனுமதியைப் பதிவு செய்யும்போது வாடிக்கையாளர் தம் அடையாளத்தைக் கூடுதலாக ஒருமுறை மெய்ப்பிக்கவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்ற விவரங்களோடு அறிவிப்புப் போகவேண்டும். அந்த ஒரு தவணையை மட்டுமோ அனுமதி முழுவதையுமோ அவர் ரத்து செய்ய வழி இருக்கவேண்டும். இதற்கெல்லாம் அவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மெய்ப்பிக்கத் தேவையில்லாத உச்சவரம்பு முதலில் ரூ. 2,000 ஆக இருந்து, பிறகு ரூ. 5,000 ஆகி, 2022 ஜூனில் ரூ. 15,000 ஆக உயர்ந்தது. வங்கிகளும் வியாபாரிகளும் அவகாசம் கேட்டுக் கேட்டுத் தள்ளிப்போட்ட பிறகு, 2021 அக்டோபர் 1 முதல் இந்த ஒழுங்கு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வந்த புதிதில் பலருடைய சந்தாக்கள் நின்றுபோயின, உங்கள் தரப்பிலிருந்து பெருங்கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலில் நியாயம் கொஞ்சம் இருந்தது. ஆயினும் அதனால் இன்று கோடிக்கணக்கான சாமானியர்களுக்குக் கிடைத்திருக்கிற பாதுகாப்பு பெரிது.

அந்தப் பாதுகாப்பு எதுவரையில் எட்டுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அனுபவத்தால் விளக்குகிறேன். ஆரம்பப் பள்ளியில் நெடுங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வூதியம் வரும் கணக்கின் பாஸ்புத்தகத்தை மாதம் ஒருமுறை வங்கிக்குக் கொண்டுபோய் அச்சிட்டுவந்து, வரிவரியாகப் படித்துப் பார்க்கிற பழக்கமுள்ளவர். ஒருநாள் அதை என்னிடம் நீட்டி, “தம்பி, இதுல மாசாமாசம் இருநூத்துத் தொண்ணூத்தொம்பது போயிட்டே இருக்கே, இது யாருக்குப் போகுது?” என்று கேட்டார். பார்த்தேன். பாதியில் வெட்டுண்ட ஒரு கம்பெனிப் பெயர். அதற்குமுன் நானும் கேள்விப்பட்டதில்லை. கைப்பேசியை வாங்கி யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பார்த்த பிறகுதான், அது குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு செயலியின் தாய் நிறுவனம் என்று தெரிந்தது. கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தபோது, ஏழு நாள் இலவசம் என்று பார்த்துச் சேர்த்திருக்கிறார். சரிபார்ப்பதற்காக இரண்டு ரூபாய் போயிருக்கிறது. இரண்டு ரூபாய்க்கு ரகசிய எண்ணைப் போடுகிறோம் என்று எண்ணி அவர் போட்ட அந்த எண், அதிகபட்சம் இவ்வளவு என்று மேலே காட்டியிருந்த பெருந்தொகை வரையில் மாதந்தோறும் எடுத்துக்கொள்வதற்குக் கொடுத்த அனுமதி என்பது அவருக்குத் தெரியாது.

“அவன் ஊருக்குப் போன அன்னிக்கே அந்த ஆப்பை எடுத்துட்டேனே தம்பி?” என்றார். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதனால் சந்தா நிற்பதில்லை என்பது உங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். வாங்குகிறவர்களில் மிகப் பலருக்கு அது தெரியாது; பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்றே அவர்கள் நினைக்கிறார்கள். வங்கியிலிருந்து 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வந்திருக்கவேண்டுமே என்று தேடினேன். வந்துதான் இருந்தது, ஒவ்வொரு மாதமும். ஓடிபி-க்களுக்கும் கடன் தருகிறோம் என்ற விளம்பரங்களுக்கும் நடுவே, ஆங்கிலத்தில், மேன்டேட் என்ற சொல்லோடும் நீண்ட குறிப்பு எண்ணோடும் அதே வெட்டுண்ட கம்பெனிப் பெயரோடும் வந்திருந்தது. அதை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்துவிட்டு அவர் கேட்டார்: “இதுல எங்க தம்பி என் பேரனோட பாடத்துக்குன்னு போட்டிருக்கு?” அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்லவேண்டியவர்கள் நீங்கள். சட்டப்படி அறிவித்துவிட்டோம் என்று வங்கி சொல்லலாம். ஆனால் அவர் சேர்ந்தது வங்கியின் பாடத்திலா? அவருக்குத் தெரிந்த பெயரில், அவருக்குத் தெரிந்த பாஷையில், இன்ன காரியத்துக்காக நாளை மறுநாள் இவ்வளவு எடுக்கப்போகிறோம் என்று சொல்லவேண்டிய கடமை, பாடம் விற்றவருக்கு இல்லையா?

யூபிஐ செயலியில் அந்த அனுமதியை ரத்து செய்ய வெகுநேரம் ஆகவில்லை. ஆனால் அந்த நிறுவனத்திடமும் முறையாகச் சொல்லிவிடுவோம் என்று அவர் விரும்பியதால், நீக்கிய செயலியை மீண்டும் இறக்கிப் பார்த்தோம். சேருவதற்கு முதல் திரையிலேயே பளிச்சென்று பெரிய பொத்தான் இருந்தது. விலகுவதற்கு, படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், திட்டம் என்பதைத் திறந்து, உதவி என்பதற்குள் நுழைந்து, ஏன் போகிறீர்கள் என்பதற்குக் காரணம் தெரிவு செய்து, பாதி விலைக்குத் தருகிறோம் என்பதை மறுத்து வந்தால், கடைசியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் கற்றல் தொடரட்டும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மற்றொன்றில், வெளிறிய சாம்பல் நிறத்தில், என் குழந்தையின் கற்றலை நிறுத்த விரும்புகிறேன் என்று இருந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அந்த அம்மையாரின் விரல் அங்கே நின்றுவிட்டது. “படிப்பை நிறுத்துன்னு நான் எப்பச் சொன்னேன்? பணத்தைத்தானே நிறுத்தச் சொல்றேன்,” என்றார். அந்த வாசகத்தை எழுதியவர் உங்களில் யாரோ ஒருவராக இருக்கலாம். இப்படி எழுதினால் இத்தனை பேர் விலகாமல் நின்றுவிடுகிறார்கள் என்று சோதனை செய்து பார்த்தே எழுதியிருப்பீர்கள். அந்தச் சோதனையின் கணக்கில் இந்த அம்மையார் எந்தப் பக்கத்தில் சேர்க்கப்படுவார்?

இதோடு விஷயம் முடியவில்லை. அன்றைக்கே அவர், “இனிமே எதுக்குமே இந்த ஆட்டோபே வேண்டாம் தம்பி, எல்லாத்தையும் எடுத்துடு,” என்றார். அவருடைய மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அதை மட்டும் விட்டுவைக்கும்படி அவரை இணங்க வைப்பதற்குள் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. மாதம் 299 ரூபாய்க்காக நீங்கள் செலவழித்தது எது என்று இப்போது தெரிகிறதல்லவா? தானாகப் பணம் போகும் ஏற்பாடு முழுவதிலும் ஜனங்களுக்கு இருக்கிற நம்பிக்கை அது. அது ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானதன்று. நேர்மையாகச் சந்தா நடத்துகிறவர்களுக்கும், காப்பீட்டுக்கும், மின்சாரக் கட்டணத்துக்கும் பொதுவான முதல்.

அந்த அம்மையாரின் திரையில் நடந்தவற்றுக்கு நம் சட்டத்தில் இப்போது பெயரே உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் அறிவித்த வழிகாட்டு விதிகள் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 விதமான திரை உத்திகளை வரிசைப்படுத்தித் தடை செய்திருக்கின்றன. சந்தாப் பொறி அவற்றுள் ஒன்று: விலகும் வழியை மறைப்பதும், அதை நீட்டி முழக்கிச் சிக்கலாக்குவதும், இலவசச் சந்தா என்று சொல்லிவிட்டு அதற்கே பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும் அதில் அடங்கும். விலக நினைப்பவரைக் கூசவைக்கும் வாசகங்களும் தனியே தடுக்கப்பட்டிருக்கின்றன. இலவச நாட்கள் முடிந்து கட்டணச் சந்தாவாக மாறும்போது சொல்லாமலிருப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து யாரும் முறையிடலாம். ஆனாலும் முறையீடு செய்வதற்கு முதலில் பணம் போனது தெரியவேண்டும், மறந்துபோனவர் முறையிடுவதில்லை. சட்டத்தின் கை இங்கே எட்டாமற் போவதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளிநாடுகளிலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தின் மூலம் சந்தா சேர்க்கிற நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலேயே எளிதில் கண்ணுக்குப் படும்படியாக ரத்துப் பொத்தான் வைத்தாகவேண்டும். அமெரிக்காவில் சேர்வது போலவே விலகுவதும் எளிதாக இருக்கவேண்டும் என்று வர்த்தக ஆணையம் 2024-இல் இயற்றிய விதியை, அதை இயற்றிய முறையில் குறை இருந்ததென்று 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. உங்களில் சிலர் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், பிரைம் சந்தாவில் ஜனங்களைச் சேர்த்த முறையும் விலகவிடாமல் இழுத்தடித்த முறையும் பற்றி அந்த ஆணையம் பழைய சட்டங்களின்கீழ்த் தொடுத்திருந்த வழக்கில், அமேசான் 250 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு.

உங்களிடம் நான் கேட்பது சட்டத்துக்குப் பயந்து செய்யவேண்டியதைக் காட்டிலும் சற்று அதிகம். இலவசம் என்ற சொல்லை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, அதே அளவு எழுத்தில், அதன் பக்கத்திலேயே, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு எடுக்கப்போகிறீர்கள் என்பதையும் போடுங்கள். ‘ஏழு நாளுக்குப் பிறகு’ என்று எழுதாமல், காலண்டரைப் பார்த்துத் தேதியையே எழுதுங்கள். விலையை உயர்த்தினால் பழைய சம்மதத்தைக் கொண்டு புதிய விலையை வாங்காமல், மறுபடியும் கேட்டு வாங்குங்கள், ரூ. 299-க்குச் சரி என்றவர் ரூ. 399-க்குச் சரி என்று சொல்லவில்லை. ஆண்டுச் சந்தாவானால் பத்து நாளைக்கு முன்னும், மாதச் சந்தாவானால் மூன்று நாளைக்கு முன்னுமாவது நீங்களே எழுதுங்கள். வங்கி எழுதுவதை வங்கி எழுதட்டும். தமிழில் விளம்பரம் செய்து சேர்த்தவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். சேர்கிற பொத்தான் எந்தத் திரையில் இருந்ததோ அந்தத் திரையிலேயே விலகுகிற பொத்தானும் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது வராதவரைப் பற்றியது. வீட்டுக்கு வீடு பேப்பர் போடுகிறவரைப் பாருங்கள். இரண்டு நாள் பேப்பர் வாசலிலேயே கிடந்தால் மூன்றாம் நாள் அவர் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றால் திரும்பி வரும் வரை நிறுத்திவைக்கிறார். மாதக் கடைசியில் அந்த நாட்களைக் கழித்துக்கொண்டே பணம் கேட்கிறார். அவருக்கு எந்த விதியும் இதைச் சொல்லவில்லை. உங்கள் வாசலில் கிடக்கிற பேப்பர்கள் உங்கள் கணினிக்குத் தெரிகின்றன. மூன்று மாதமாக ஒருவர் உள்ளே வரவில்லையென்றால் கேளுங்கள்; பதில் வராவிட்டால் சந்தாவை நிறுத்திவைத்து, திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சொல்லிவிடுங்கள். இது நடக்கக்கூடியதே. 2020 மே மாதத்தில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், சேர்ந்தது முதல் ஓராண்டாக ஒன்றும் பாராதவர்களுக்கும் இரண்டாண்டுக்கு மேல் பார்ப்பதை விட்டுவிட்டவர்களுக்கும் தொடரவேண்டுமா என்று கேட்டு எழுதி, பதில் சொல்லாதவர்களின் சந்தாவைத் தானே ரத்து செய்வதாக அறிவித்தது. அப்படிப்பட்டவர்கள் மொத்தச் சந்தாதாரர்களில் அரை சதவிகிதத்துக்கும் குறைவு என்றும் சொன்னது. ஓராண்டு என்பது மிக நீண்ட காலம் என்று நான் கருதினாலும், நிறுத்தும் பொறுப்பை நிறுவனமே ஏற்றுக்கொண்ட அந்த முறை பாராட்டுக்கு உரியது.

வருமானம் குறையுமே என்பீர்கள். குறையும், அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. முதல் சில மாதங்களில் உங்கள் சந்தாதாரர் எண்ணிக்கை கண்கூடாக இறங்கும். முதலீட்டாளர் கேள்வி கேட்பார். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து நின்று, விலகியவர்கள் ஏற்கெனவே விலகியவர்கள்தாம், அவர்கள் பணத்தை மட்டும் நாம் விடாமல் வைத்திருந்தோம் என்று சொல்லவேண்டிவரும். அதைச் சொல்லக் கூடியவர் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருக்கிறார். பெரும்பாலும் அவர் வயதில் இளையவராக, பொத்தானை வரையச் சொன்னபோதே மனம் ஒப்பாமல் வரைந்தவராக இருப்பார். மூத்தவர்கள் அவரைப் பேசவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எப்படி எழுதுவது என்று தயங்குவோருக்காக, அந்த ஆசிரியைக்கு வந்திருக்கவேண்டிய கடிதத்தை நானே எழுதிப் பார்த்திருக்கிறேன். உங்கள் சட்ட ஆலோசகர் இதில் வேண்டிய திருத்தம் செய்துகொள்ளலாம். ஆனால் நீளத்தைக் கூட்டவேண்டாம்.

“வணக்கம். தங்கள் பேரப்பிள்ளைக்காக எங்கள் பாடச் செயலியில் தாங்கள் எடுத்த மாதச் சந்தாவுக்கு வரும் ஜூன் 12-ஆம் தேதி தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ரூ. 299 எடுக்கப்போகிறோம். பாஸ்புத்தகத்தில் எங்கள் தாய் நிறுவனத்தின் பெயர் காணப்படும், அது நாங்கள்தாம். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கியிருந்தாலும் சந்தா நிற்காது. மே 20-க்குப் பிறகு தாங்கள் பாடத்தைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றால் கீழே ‘நிறுத்து’ என்பதை ஒருமுறை தொடுங்கள். அல்லது இதே எண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்புங்கள். காரணம் கேட்கமாட்டோம். மறுபடி எப்போது வேண்டுமானாலும் சேரலாம்.”

இந்தக் கடிதம் முதலில் போகவேண்டியது இன்றைக்குச் சேருகிறவர்களுக்கு அன்று. சேர்ந்து வெகுநாளாகி, உள்ளே வராமல், பணம் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கே முதலில் போகவேண்டும். அவர்களுடைய பட்டியல் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அடுத்த தவணை எந்தத் தேதி என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பாக அனுப்பிவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் சந்தாதாரருள் ஒருவன்